அணில் அம்மாளும் லட்சுமி அத்தையும்

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட பிறகு, செம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் நீளமான அட்டைக் குழல். "அங்கிள், ஒரே ஒரு படம்தான்" என்றாள். மழைக்காலத்தில் ஃபிரேம் கடைக்கு அதிகம் பேர் வருவதில்லை. பீடிங் என்கிற சட்ட மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், பசை லேசில் காயாது. வந்த ஆளை விடுவானேன் என்று ஷட்டரைத் தூக்கினேன்.

சுருண்டிருந்த படத்தை மேஜையில் விரித்து, நான்கு மூலைக்கும் அளவுகோல், கத்தரி, ஆணி டப்பா, டீ கிளாஸ் என்று பாரம் வைத்தோம். வெள்ளை ரோமத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். நீலப் பின்னணி, அதில் இலைக்கொப்புகள். மடியில் சங்கிலி கட்டிய ஓர் அணில் கொட்டை கொறிக்கிறது. தோள் பக்கம் கொப்பில் ஒரு கறுத்த பறவை, அவள் காதில் ஏதோ கோள் சொல்ல வந்ததுபோல. அவளோ இரண்டையும் கண்டுகொள்ளவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த பிறகு, எப்போது எழுந்து உள்ளே போகச் சொல்வார்கள் என்று காத்திருக்கிற முகம்.

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போயிருந்தபோது அங்கே இருக்கிற கடையில் வாங்கினாளாம். அடியில் வெள்ளைப் பட்டையில் எழுத்து. ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன். படத்தின் பெயர், அணிலும் ஸ்டார்லிங் பறவையும் உடன் இருக்கும் பெண். அதற்கடுத்து அடைப்புக்குறிக்குள் ஆன் லவல் என்று ஒரு பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.

"இந்த எழுத்தெல்லாம் மவுண்டுக்கு அடியில போயிடட்டும் அங்கிள்." (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை ஓரம்தான் மவுண்ட்.)

"அது என்னம்மா கேள்விக்குறி?"

"யாருன்னு கன்ஃபார்மா தெரியாதாம்."

மும்பையில் மாட்டுங்கா மார்க்கெட் பக்கத்தில் அப்பா போட்ட கடை இது. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே இங்கே ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ மாலை போட்ட படங்களுக்குச் சட்டம் அடித்தாயிற்று. தோற்றம், மறைவு என்று தேதி எழுதுவோம். பிறந்த தேதி தெரியாத பாட்டிகளுக்குத் தோற்றம் என்ற வரியையே விட்டுவிடுவோம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

போட வேண்டியவர்கள் வராமல் இல்லை. 2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கிங்ஸ் சர்க்கிள் சாதாரண மழைக்கே குளமாகும், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். அடுத்த இரண்டு மாதம் எங்கள் கடைக்கு வந்ததெல்லாம் நனைந்த போட்டோக்கள்தான். மவுண்ட் வைக்காமல் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போட்டவை அத்தனையும் கண்ணாடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தன. (அப்படி ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துப் புதிதாகப் பிரிண்ட் போடுவதுதான் வழி.) அந்தச் சமயத்தில் பார்த்திருக்கிறேன்: அண்ணன் "இது தாத்தா" என்பார், தம்பி "இல்லை, தாத்தாவோட சகலை" என்பார். கடைசியில் யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்ன பெயர்தான் படத்துக்கு. நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

சரி, அணில் அம்மாளுக்கு வருகிறேன். அன்று ராத்திரி போனில் தேட ஆரம்பித்தவன் ஒரு வாரம் விடவில்லை. வீட்டில் "மெட்ரிக் பரீட்சையா?" என்று கேட்டார்கள்.

ஹோல்பைன் ஜெர்மன்காரர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் தொழில் செய்துகொண்டிருந்தவர், பிழைப்புத் தேடி 1526-ல் இங்கிலாந்துக்குப் போகிறார். எராஸ்மஸ் என்ற பெரிய அறிஞர் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் கையில் மாமாவின் விலாசத்தோடு மும்பை விடி ஸ்டேஷனில் இறங்கினது மாதிரிதான். 1528 வரை அங்கே இருந்தார். அந்த இரண்டு வருஷத்துக்குள் வரைந்த படம் இது. ஓக் பலகை மேல் எண்ணெய் வண்ணம். ஏறக்குறைய 22-க்கு 15 அங்குலம், அவ்வளவுதான். போஸ்டரில் பார்த்துவிட்டுப் பெரிய படம் என்று நினைத்திருந்தேன். நம் பூஜையறை முருகன் படம் இதைவிடப் பெரிது.

படத்தில் எங்கேயும் அவள் பெயர் இல்லை. பணம் கொடுத்து வரையச் சொன்ன வீட்டில், இவள் யார் என்று யாருக்கும் எழுதிவைக்க வேண்டியிருந்திருக்காது. அப்புறம் வீடு மாறி, கை மாறி, நார்ஃபோக் மாவட்டத்தில் ஹௌட்டன் ஹால் என்ற மாளிகையில் தொங்கி, 1992-ல் நேஷனல் கேலரி வாங்கியபோதும் அவள் வெறும் 'அணில் வைத்திருக்கும் பெண்'தான்.

2004-ல் டேவிட் கிங் என்பவர் முடிச்சை அவிழ்க்கிறார். அவர் நார்ஃபோக் சர்ச்சுகளில் இருக்கிற பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை ஆராய்கிறவர். எனக்கு இதில்தான் சந்தோஷம். ஓவியத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிடிபடாதது கண்ணாடி பார்க்கிறவருக்குப் பிடிபட்டது. லவல் என்ற குடும்பத்தின் சின்னத்தில் அணில் உண்டு. அவர்களுடைய ஊர்ச் சர்ச் ஜன்னலிலும் செந்நிற அணில்கள் இருக்கின்றன. ராமர் தடவிக்கொடுக்காத அணில், முதுகில் மூன்று கோடு கிடையாது. சரி, அணில் ஆயிற்று. பறவை? அந்த ஊரின் பெயர் ஈஸ்ட் ஹார்லிங். அந்தக் காலத்தில் சேர்த்து, எஸ்தார்லிங் என்கிற மாதிரி எழுதுவார்கள். வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்டார்லிங்!

சிலேடை. கவிராயர் பாட்டில் வருகிற அதே சமாசாரம். ஸ்டார்லிங் நம் மைனாவுக்குப் பங்காளி. அணில் குடும்பத்தைச் சொல்கிறது, மைனாவின் பங்காளி ஊரைச் சொல்கிறது. ஈஸ்ட் ஹார்லிங்கில் இருந்த சர் பிரான்சிஸ் லவலின் மனைவி பெயர் ஆன். பிரான்சிஸ் 1524-ல் பெரியவர் ஒருவர் இறந்து அந்த எஸ்டேட்டுக்கு வாரிசானவர். சொத்து வந்தது, அடுத்த இரண்டு வருஷத்தில் பிள்ளையும் பிறந்தது என்கிறார்கள். மனைவியைப் படம் எழுதிவைக்க அதைவிட நல்ல நேரம் ஏது? விலாசத்தோடு நெற்றியில் ஒட்டினது மாதிரி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வாசிக்கத்தான் ஏறக்குறைய 480 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஹோல்பைன் முதலில் அணில் இல்லாமல்தான் வரைந்திருக்கிறார் என்று தெரிந்ததாம். அப்புறம் அணிலைச் சேர்த்து, அதற்கு இடம் பண்ணக் கைகளை மாற்றியிருக்கிறார். எனக்கு அதில் ஒரு வாடிக்கையாளரின் குரல் கேட்கிறது. "எல்லாம் சரி, நம்ம அணில் எங்கே?" முடித்த வேலையில் இப்படி ஒன்று சொல்லாத வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தனை பொருந்தியும் கேள்விக்குறியை வைத்திருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் அந்நாளில் அணில் வளர்த்தார்கள்; மடியில் அணில் இருந்தால் வெறும் அணிலாகவும் இருக்கலாம். இவள்தான் ஆன் என்று சொல்கிற ரசீதோ கடிதமோ இல்லை. நானாக இருந்தால் எப்போதோ கேள்விக்குறியைச் சுரண்டி எடுத்திருப்பேன். என் புத்தி அப்படித்தான் என்பதற்குச் சாட்சி பரணில் கிடந்தது.

அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். சுற்றி வளைத்துவிட்டேன்.

1991. எனக்குப் பதினேழு வயது. அப்பா ஊருக்குப் போயிருந்தார், கடை என் பொறுப்பில். ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு மாமி பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்டுடியோவில் எடுத்து, கனமான அட்டையில் ஒட்டிக் கொடுத்தது. இருபது வயதுப் பெண், மடிசார், நாற்காலி முதுகில் ஒரு கை. காதில் தோடு, மூக்கில் பேசரி, இடுப்பில் ஒட்டியாணம். அட்டையை ராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் உதிர்ந்தது. நான் வெகு கவனமாக நீராவி காட்டி, அட்டையை மெல்ல உரித்து, படத்தைப் புது ஹார்ட்போர்டில் ஒட்டினேன். ஒரு கீறல் விழவில்லை. அப்பா வந்து பார்த்து மெச்ச வேண்டும் என்று நினைத்தேன். உரித்த அட்டையைக் குப்பையில் போட்டேன். அதன் பின்புறம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. முன்னால் ஃபிரேம் போட்டவன் குறித்த அளவு என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இப்போது தெரியாது.

மாமி வந்து படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி அப்பா எழுதியிருந்தாரேடா, எங்கே அது?"

குப்பை மூன்று நாளைக்கு முன்னாலேயே போய்விட்டது. மாமி கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் அவருடைய அத்தையாக இருக்கலாம், அப்பாவின் முதல் மனைவியாகவும் இருக்கலாம். இருவரும் மாமி பிறப்பதற்கு முன்பே சின்ன வயதில் போய்விட்டவர்கள். அத்தை பெயர் லட்சுமி. முதல் மனைவி விசாலாட்சி. மாமியின் அம்மா இரண்டாம் தாரம். வீட்டில் விசாலாட்சியைப் பற்றிப் பேச்சே கிடையாது. சின்ன வயதில் பின்பக்கத்து எழுத்தைப் பார்த்த ஞாபகம் மாமிக்கு இருந்தது, என்ன என்று படித்த ஞாபகம் இல்லை.

"நீ பார்த்தியோன்னோ? லட்சுமின்னுதானே போட்டிருந்தது?"

"ஆமாம் மாமி" என்றேன்.

அவ்வளவுதான். அப்பா ஊரிலிருந்து வந்து, கறுப்பு அட்டையில் தங்க எனாமல் பெயின்டால், அழகான கையெழுத்தில் 'லட்சுமி அத்தை' என்று எழுதிப் படத்துக்கு அடியில் பொருத்திக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை.

நான் உண்மையில் பார்த்தது என்ன? பல ராத்திரி யோசித்திருக்கிறேன். முதலில் 'சௌ.' இருந்தது. அது உதவாது, இருவரும் சுமங்கலிகள். நடுவில் 'ட்ச' கண்ணில் நிற்கிறது. அதுவும் உதவாது, லட்சுமியிலும் 'ட்ச', விசாலாட்சியிலும் 'ட்ச'. எழுத்து நாலு விரல் நீளம் இருந்தது, நீளமான பெயர், விசாலாட்சிதான் என்று ஒரு நாள் தோன்றும். லட்சுமி அம்மாள் என்று எழுதியிருந்தாலும் அதே நீளம் வருமே என்று மறுநாள் தோன்றும். அட்டையின் மூலையில் ஸ்டுடியோவின் பெயர் அச்சாகியிருந்தது. அது இருந்தால் எந்த ஊர் என்று தெரிந்திருக்கும், ஊர் தெரிந்தால் யார் என்று தெரிந்திருக்கும். அதையும்தான் சேர்த்து எறிந்தேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நேஷனல் கேலரி 1967-ல் வாங்கிய லியனார்டோ டா வின்சி படம் ஒன்று இருக்கிறது. ஜினெவ்ரா தே பென்சி என்ற பிளாரன்ஸ் நகரத்துப் பெண். அவள் தலைக்குப் பின்னால் ஜூனிபர் புதர். இத்தாலிய மொழியில் ஜூனிபருக்கு ஜினேப்ரோ என்று பெயர்; இங்கேயும் சிலேடைதான். அந்தப் பலகையைத் திருப்பினால் பின்பக்கத்திலும் ஓவியம்: நடுவில் ஜூனிபர் கிளை, இரு பக்கமும் லாரலும் பனையோலையும், சுற்றி ஒரு லத்தீன் வாசகம். அவளுடைய அழகு குணத்துக்கு அணி என்கிற அர்த்தம். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் அந்த வாசகத்துக்கு அடியில் வேறொரு வாசகம் தெரிகிறது. அது பெர்னார்டோ பெம்போ என்ற வெனிஸ் தூதருடையது. யாருக்காக வரைந்த படம் என்பதற்கு அதைத்தான் பெரிய சாட்சியாகச் சொல்கிறார்கள். படத்தின் கீழ்ப்பகுதியை யாரோ வெட்டியிருக்கிறார்கள், கைகள் அதோடு போயிருக்கும் என்று நம்புகிறார்கள். எந்த ஊர் ஃபிரேம்காரனோ. ஆனாலும் அவன் பின்பக்கத்தை விட்டுவைத்தானே, என்னைவிடத் தேவலை.

மோனாலிசா யார் என்பதற்குக்கூட இப்படி ஒரு எழுத்துதான் சாட்சி. ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில், 1477-ல் அச்சான ஒரு சிசரோ புத்தகத்தின் ஓரத்தில், லியனார்டோ லிசா தெல் ஜோகோண்டோவின் தலையை வரைந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு குமாஸ்தா 1503 அக்டோபரில் கிறுக்கிவைத்தார். அது கண்ணில் பட்டது 2005-ல். நம் மழை வருஷம்.

என்னை உண்மையில் தைத்தது வேறு ஒரு படம். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் ஆளுயரத்துக்கு ஒரு ராணி நிற்கிறாள். 1965-ல் வாங்கியபோது, இவள் ஜேன் கிரே என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாள் இங்கிலாந்து ராணியாக இருந்து, 1554-ல் தலை வெட்டப்பட்ட சின்னப் பெண். முப்பது வருஷம் போல ஜனங்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று ஜேனுக்காக உச்சுக் கொட்டியிருப்பார்கள். 1996-ல் ஓர் ஆய்வாளர் அவள் மார்பில் இருந்த கிரீட வடிவப் பதக்கத்தைப் பழைய நகைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி கேத்தரின் பார் என்று காட்டினார். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு நகை எழுதிவைக்கிற நோட்டு இருக்குமே, அதுபோல ஒன்று காப்பாற்றியிருக்கிறது. இத்தனை நாள் வேறொருத்திக்காக அழுதவர்களுடைய அழுகை என்ன ஆகும் என்று யோசித்தேன். மாமி வீட்டுச் சுவரில் யாருக்கோ விழுந்த மாலைகளும் ஞாபகம் வந்தன.

மாமி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர்கள் பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய், மகள் டோம்பிவிலிக்குச் சாமான்களை ஏற்றும்போது லட்சுமி அத்தையின் கண்ணாடி விரிந்துவிட்டது. ஜூன் மாதம் அந்தக்கா படத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு தடவை போன் செய்தார். பீடிங் வரவில்லை என்றேன். பீடிங் வந்து ரொம்ப நாளாயிற்று.

செம்பூர் பெண்ணின் படத்துக்கு அளவு எடுத்த மறுவாரம்தான் பரணிலிருந்து அத்தையை இறக்கினேன். அப்பாவின் எனாமல் எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, 1991-லிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குக்கர் விசில் இரண்டு தடவை கேட்டது.

"இதுக்கா இத்தனை நாள் படத்தைக் குடுக்காம இழுத்தடிச்சே?"

"இல்லக்கா, பேரு..."

"சுமங்கலிப் பிரார்த்தனைக்கு ரெண்டு பேரையும் சேர்த்துதான் கூப்பிடறோம். ரெண்டு பேரும்தான் வருவா. புடவையும் ரெண்டு பேருக்கும்தான் வெக்கறோம். நீ கண்ணாடியை மாத்து."

கொஞ்சம் நேரம் கழித்து அவரே திருப்பிக் கூப்பிட்டார். அம்மாவுக்கு அது அத்தையாக இருந்தால்தான் சுவரில் மாட்ட முடிந்திருக்கும், பாட்டி அப்போது உயிரோடு இருந்தாள் என்றார். பிறகு, "விசாலாட்சியா இருந்தா அம்மா ஏன் எங்கிட்டேயும் சொல்லலை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை. பெயர்ப் பட்டையை எடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம், உங்கப்பா எழுத்து நன்னா இருக்கு என்றார்.

அணில் அம்மாள் போன புதன்கிழமை செம்பூருக்குப் போய்விட்டாள். அடி எழுத்தை மறைக்காமல், மவுண்டைக் கீழ்ப்பக்கம் அரை அங்குலம் குறைத்து வெட்டினேன். பெண் முதலில் முகம் சுளித்தாள். அப்புறம், "கேள்விக்குறியும் நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அத்தைக்கு ஆசிட் இல்லாத போர்டு வைத்தேன், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விட்டேன். மூடுவதற்கு முன்னால் 2பி பென்சிலை எடுத்தேன். பால்பாயின்ட் மை நாளடைவில் ஊறி முன்பக்கம் வரும், பென்சில் அப்படியே இருக்கும். பின் அட்டையில் எழுதினேன்: சௌ. லட்சுமி அல்லது சௌ. விசாலாட்சி. பழைய அட்டையில் பெயர் இருந்தது. 1991-ல் அதை எறிந்தவன் நான். நடுவில் 'ட்ச' இருந்தது நிச்சயம்.

கடையின் பெயரையும் தேதியையும் போட்டு, சுற்றிலும் ஆணி அடித்து, பிரவுன் டேப் ஒட்டினேன். வியாழக்கிழமை டோம்பிவிலிக்கு எடுத்துப் போக வேண்டும். அக்கா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.